காலி சீட்டும் அதே சாய்வுல தான் பறக்குது: தீம் பார்க் டூர்ல கத்துக்கற பிசிக்ஸும் கணக்கும்

சங்கிலில தொங்குற ஊஞ்சல் ராட்டினம் சுத்தறத பாத்திருப்பீங்க. நிக்கும்போது சீட்டெல்லாம் நேரா தொங்கிட்டு இருக்கும், வேகம் ஏற ஏற அப்படியே வெளிப்பக்கமா விரிஞ்சு குடை மாதிரி ஆயிடும். அதுல ஒரு சீட்ல 80 கிலோ பிடி மாஸ்டர், அடுத்த சீட்ல 30 கிலோ ஆறாங்கிளாஸ் பையன், அதுக்கடுத்தது யாருமே ஏறாத காலி சீட். இந்த மூணுல எது அதிகமா வெளிய விரியும்?

ஸ்கூல் டூர் போற பஸ்லயே இந்த கேள்விய பசங்க கிட்ட போட்டுப் பாருங்க. பாதி பேர் வெயிட் அதிகமா இருக்கறது தான் நல்லா வெளிய வீசும்னு சொல்லுவாங்க, மீதி பேர் காலி சீட் லேசா இருக்கு அதனால அது தான் பறக்கும்னு சொல்லுவாங்க, ரெண்டு பக்கமும் காரணம் வச்சிருப்பாங்க, சண்டையே நடக்கும். அங்க போயி ராட்டினத்துக்குக் கீழ நின்னு பாத்தா ஒரே வரிசைல இருக்கற மூணு சீட்டும் ஒரே சாய்வுல போகும். மாஸ்டர் சீட்டும் காலி சீட்டும் பக்கத்துல பக்கத்துல, சங்கிலி ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டினாப்ல ஒரே கோணம். அந்த நேரத்துல பசங்க முகத்த பாக்கணும். தப்பா சொன்னோமேன்னு யாரும் வருத்தப்படறதில்ல, "எப்படி சார்?"னு தான் கேக்கறாங்க. டூருக்கு கூட்டிட்டுப் போறதே அந்த "எப்படி"க்குத் தான்னு நான் நினைக்கறேன்.

காரணம் சிம்பிள். சங்கிலிக்கு ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, சீட்டு கீழ விழாம மேல் நோக்கிப் பிடிச்சு வைக்கணும். இன்னொண்ணு, சீட்டு நேர்கோட்டுல ஓடிப் போயிடாம வட்டத்துலயே வர்றதுக்கு உள்நோக்கி இழுக்கணும். எடை ரெண்டு மடங்கு ஆனா முதல் வேலையும் ரெண்டு மடங்கு ஆகுது, ரெண்டாவது வேலையும் ரெண்டு மடங்கு ஆகுது. சாய்வு எவ்வளவுன்னு முடிவு பண்றது இந்த ரெண்டுக்கும் உள்ள விகிதம் மட்டும் தான், அதனால எடை கணக்கவிட்டே வெளிய போயிடுது. மிஞ்சறது வேகமும் ஆரமும் புவியீர்ப்பும் தான். கோணத்தோட டேன் மதிப்பு எவ்வளவுன்னா, வேகத்தோட வர்க்கத்த ஆரத்தாலயும் 9.8 ஆலயும் வகுத்தா வர்றது. சீட்டு 8 மீட்டர் ஆரத்துல 6 செகண்டுக்கு ஒரு சுத்து வருதுன்னு வச்சுக்கங்க, வேகம் செகண்டுக்கு 8.4 மீட்டர் கிட்ட வரும், டேன் மதிப்பு 0.9 கிட்ட, கோணம் ஏறக்குறைய 42 டிகிரி. அதே ராட்டினத்துல உள்வரிசை 6 மீட்டர் ஆரத்துல சுத்துதுன்னா அதுக்கு 34 டிகிரி தான் வரும். அதாவது எடை மாத்தினா கோணம் மாறாது, வரிசை மாத்தினா மாறும். இதையும் முன்னாடியே ஊகிக்கச் சொல்லலாம்.

கோணத்த அளக்கறதுக்கு போட்டோ போதும், ஆனா ஒரு சின்ன விஷயத்துல கவனமா இருக்கணும். ராட்டினத்துல இருந்து தள்ளி நின்னு எடுக்கணும், அப்புறம் படத்துல இடது ஓரத்துலயோ வலது ஓரத்துலயோ இருக்கற சீட்டத் தான் அளக்கணும். நம்மள நோக்கி வர்ற சீட்டு எவ்வளவு சாஞ்சிருந்தாலும் படத்துல நேரா தொங்கற மாதிரி தான் தெரியும். ஒரு குழு நடுவுல இருந்த சீட்ட அளந்துட்டு 15 டிகிரின்னு எழுதிட்டு வந்தாங்க, இன்னொரு குழு ஓரத்து சீட்ட அளந்து 40ன்னு எழுதினாங்க. ஒரே ராட்டினம், ஒரே நேரம். ஏன் இப்படின்னு அவங்களே உக்காந்து பேசி, பென்சில கைல சாய்ச்சுப் பிடிச்சு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பாத்து கண்டுபிடிச்சாங்க. அது ஜியாமெட்ரி பாடம், நான் பிளான் பண்ணினதே இல்ல.

தீம் பார்க்க லேப் மாதிரி பயன்படுத்தறது புதுசு கிடையாது. அமெரிக்கால பல பார்க்ல "பிசிக்ஸ் டே"ன்னு தனி நாளே வச்சு ஸ்கூல் பசங்கள உள்ள விடறாங்க. ஸ்வீடன்ல கோத்தன்பர்க் நகரத்துல லிசபெரின்னு பார்க் இருக்கு, அங்க ஆன்-மேரி பெண்ட்ரில்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் பல வருஷமா மாணவர்கள கூட்டிட்டுப் போயி இதே ஊஞ்சல் ராட்டினம், டிராப் டவர், கோஸ்டர் எல்லாத்தையும் வச்சு ஆய்வுக்கட்டுரைகளே எழுதியிருக்காங்க. காலி சீட்டு கேள்வி அந்த வட்டாரத்துல ரொம்ப பேமஸ். பாத்தாலே விடை தெரிஞ்சுடும், ஆனா ஏன்னு சொல்றதுக்குள்ள மூளை வேலை செய்யணும், அதனால தான் அது எல்லாருக்கும் புடிச்சிருக்கு.

அடுத்தது டிராப் டவர். மேல கொண்டு போயி நிறுத்தி அப்படியே விட்டுடுவாங்களே, அது. வயித்துக்குள்ள ஏதோ மேல ஏறி வர்ற மாதிரி இருக்கும். இப்ப எல்லா போன்லயும் முடுக்கத்த அளக்கற சிப் இருக்கு, அத படிக்கறதுக்கு ஃபைஃபாக்ஸ்னு இலவச ஆப் இருக்கு, ஜெர்மனில ஆகன் பல்கலைக்கழகத்துல செஞ்சது. கிளம்பறதுக்கு முதல் நாளே கிளாஸ்ல போன டேபிள் மேல சும்மா வச்சு ஆப்ப திறந்தீங்கன்னா பசங்களுக்கு முதல் அதிர்ச்சி அங்கயே வந்துடும், ஏன்னா அசையாம கிடக்கற போன் 9.8ன்னு காட்டும். ஜீரோ தான காட்டணும்னு கேப்பாங்க. அப்புறம் போன மெத்த மேல ஒரு அடி உயரத்துல இருந்து போட்டா, விழுற அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துல கோடு ஜீரோவுக்கு இறங்கும். நிக்கும்போது 9.8, விழும்போது ஜீரோ, எல்லாம் தலைகீழா இருக்கு.

அந்த சிப்புக்குள்ள ஒரு குட்டி எடை ஸ்பிரிங்ல தொங்கற மாதிரி அமைப்பு இருக்கு. டேபிள் மேல இருக்கும்போது ஸ்பிரிங் அந்த எடையத் தாங்கிட்டு இருக்கு, அதனால நீண்டுருக்கு, அந்த நீட்சியத் தான் அது அளந்து காட்டுது. விழும்போது வெளிக்கூடும் விழுது உள்ள இருக்கற எடையும் அதே வேகத்துல விழுது, யாரும் யாரையும் தாங்கல, ஸ்பிரிங் சும்மா கிடக்குது. நம்ம வயிறும் அதே கதை தான். குடல் இரைப்பை எல்லாத்தையும் எப்பவும் கீழ இருந்து ஏதோ ஒண்ணு தாங்கிட்டே இருக்கும், அந்தத் தாங்கல் சட்டுன்னு காணாமப் போனா மேல ஏறி வர்ற மாதிரி தெரியுது. நாம எடைன்னு உணர்றது பூமி இழுக்கறத இல்ல, தரையோ சீட்டோ நம்மளத் தாங்கறத. விழுற மனுஷனுக்குத் தன் எடையே தெரியாதுங்கற எண்ணம் 1907ல ஐன்ஸ்டீனுக்குத் தோணுச்சு, தன் வாழ்க்கையோட மகிழ்ச்சியான எண்ணம்னே பின்னாடி அத சொன்னாரு, பொது சார்பியல் கொள்கை அங்கருந்து தான் ஆரம்பிச்சுது. டிராப் டவர்ல உக்காந்திருக்கற ஒன்பதாங்கிளாஸ் பொண்ணுக்கு அத ரெண்டு செகண்ட் உடம்புலயே காட்டிட முடியுதுங்கறது எனக்கு இன்னும் ஆச்சரியமா தான் இருக்கு.

கணக்கும் அங்கயே இருக்கு. 2 செகண்ட் தடையில்லாம விழுந்தா 19.6 மீட்டர் இறங்கியிருப்பாங்க, வேகம் செகண்டுக்கு 19.6 மீட்டர், மணிக்கு 70 கிலோமீட்டர். அத 15 மீட்டர் தூரத்துக்குள்ள நிறுத்தணும்னா உக்காந்திருக்கறவங்களுக்கு சொந்த எடைய விட 2.3 மடங்கு எடை உள்ள மாதிரி தெரியும். பிரேக் தூரத்த பாதியாக்கினா என்ன ஆகும்னு கேளுங்க, 3.6 மடங்கு வரும், ஏன் டவரோட கீழ்ப்பாதி கிட்டத்தட்ட முழுசும் பிரேக்குக்கே போகுதுன்னு புரிஞ்சிடும். நிறைய டவர்ல அந்த பிரேக் காந்தம் தான். பலமான நிலைக்காந்தம் பக்கத்துல செம்போ அலுமினியமோ தகடு வேகமா கடந்து போகும்போது அதுல சுழல் மின்னோட்டம் உண்டாகி நகர்றத எதிர்க்குது, உரசல் கிடையாது, கரண்ட் போனாலும் வேலை செய்யும். ஆனா வேகம் குறையக் குறைய அந்த எதிர்ப்பும் குறைஞ்சுடும், அதனால காந்த பிரேக்கால மட்டும் எதையும் முழுசா நிறுத்தி வைக்க முடியாது, கடைசில மெதுவா இறங்கி உக்காரும். திரும்பி வந்ததும் ஒரு செம்புக் குழாய்க்குள்ள காந்தத்தப் போட்டு எவ்வளவு மெதுவா வருதுன்னு காட்டினா இது ஒட்டிக்கும்.

கொலம்பஸ் கப்பலும் எடையக் கண்டுக்காத ஆளு தான். அது பெரிய ஊசல். அச்சுல இருந்து கப்பல் வரைக்கும் 12 மீட்டர்னா ஒரு முழு ஆட்டத்துக்கு 7 செகண்ட் கிட்ட ஆகும், ஆளே இல்லாம ஆடினாலும் நிரம்பி வழிஞ்சாலும் பெருசா மாறாது. ரொம்ப உயரமா ஆடும்போது நேரம் கொஞ்சம் கூடும், 60 டிகிரி வரைக்கும் போனா 7 சதவீதம் அளவுக்கு. ஸ்டாப்வாட்ச்ல ஒரு ஆட்டத்த அளக்காம அஞ்சு ஆட்டம் சேத்து அளந்து அஞ்சால வகுக்கச் சொல்லுங்க, கை தாமதத்தால வர்ற தப்பு அஞ்சுல ஒரு பங்காயிடும். எனக்கு இதுல புடிச்சது இன்னொண்ணு. கப்பல் அடிமட்டத்த கடக்கும்போது நாம எத்தனை மடங்கு கனமா உணர்றோங்கறது கப்பல் எவ்வளவு பெருசுங்கறத பொறுத்தது இல்ல, எவ்வளவு கோணத்துல இருந்து விழுதுங்கறத மட்டும் பொறுத்தது. 60 டிகிரின்னா ரெண்டு மடங்கு, 90 டிகிரின்னா மூணு மடங்கு. சின்ன பார்க்ல இருக்கற குட்டிக் கப்பல் கூட அதே 60 டிகிரிக்கு ஆடினா அதே ரெண்டு மடங்கு தான் குடுக்கும்.

ரோலர் கோஸ்டர்ல தான் பெரும்பாலான டீச்சர்கள் நேரத்தக் கொட்டுவாங்க, கொட்டலாம், அதுக்கு முன்னாடி உயரத்த அளக்கணும். பாகைமானி, ஒரு ஸ்ட்ரா, நூல், நூல் நுனில ஒரு நட்டு, இவ்வளவு தான் கருவி. ஸ்ட்ரா வழியா கோஸ்டர் உச்சியப் பாக்கணும், நூல் எந்த டிகிரில நிக்குதுன்னு பக்கத்துல இருக்கறவங்க படிக்கணும். நூல் 90 டிகிரில இருந்து எவ்வளவு விலகி நிக்குதோ அது தான் உச்சியோட கோணம். 40 மீட்டர் தள்ளி நின்னு அது 37 டிகிரி வந்தா, 40ஐ டேன் 37ஆல பெருக்கினா 30 மீட்டர், அதோட கண் உயரம் ஒன்றரை மீட்டர் கூட்டிக்கணும். ஒரு டிகிரி தப்பா படிச்சா உயரம் ஒரு மீட்டருக்கு மேல மாறும், இதையும் எழுத வைக்கணும். தூரத்துக்கு டேப் வேண்டாம், ஸ்கூல் கிரவுண்ட்ல ஆளாளுக்கு தன்னோட நடை எத்தனை சென்டிமீட்டர்னு முன்னாடியே அளந்து வச்சுட்டா போதும். கோஸ்டருக்கு அடில வேலி போட்டிருப்பாங்க, நடந்து போக முடியாது, அப்ப ரெண்டு இடத்துல நின்னு கோணம் எடுக்கணும். ஒரு இடத்துல 45, அங்கருந்து 22 மீட்டர் நேரா பின்னாடி போயி 30 வந்தா, அதுவும் 30 மீட்டர் தான். "இந்த டேன் எல்லாம் எதுக்கு சார்"னு வருஷம் முழுக்க கேக்கற பையன் வேலிக்கு வெளிய நின்னு இத போட்டுட்டு ஒண்ணும் பேசாம அடுத்த ரைடுக்கு ஓடுவான்.

உயரம் கிடைச்சதும் வேகம். 30 மீட்டர் இறங்கினா, உரசலே இல்லன்னா, செகண்டுக்கு 24 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, மணிக்கு 87 கிலோமீட்டர் வரணும். இங்கயும் எடை கணக்குல இல்ல பாருங்க. நிஜ வேகத்த அளக்க ஒரு தூண குறி வச்சுக்கிட்டு, ரயிலோட மூக்கு தூண தொட்டதுல இருந்து வால் தாண்டற வரைக்கும் எவ்வளவு நேரம்னு பாத்தா போதும், ரயிலோட நீளம் தெரிஞ்சா வேகம் வந்துடும்.

லூப்ப பத்தி கண்டிப்பா சொல்லணும். கோஸ்டர்ல இருக்கற லூப் வட்டமா இருக்காது, கண்ணீர்த்துளிய தலைகீழா நிறுத்தின மாதிரி, மேல வளைவு நெருக்கமா, கீழ வளைவு அகலமா இருக்கும். வட்டமா வச்சா என்ன ஆகும்னு சரித்திரமே இருக்கு. 1895ல நியூயார்க் கோனி ஐலண்ட்ல ஃபிலிப் ஃபிளாப் ரயில்வேன்னு ஒண்ணு ஓட்டினாங்க, 25 அடி விட்டத்துல சரியான வட்ட லூப். வட்டத்தோட உச்சில ரயில் விழாம இருக்கத் தேவையான குறைஞ்சபட்ச வேகத்த மட்டும் வச்சு கணக்குப் போட்டா கூட, அடில நுழையும்போது ஆறு மடங்கு எடை வந்துடும். எவ்வளவு பெரிய வட்டம் போட்டாலும் அதே ஆறு தான், ஆரம் வெட்டுப்பட்டுப் போயிடுது. நேரா போயிட்டு இருந்தவங்க மேல சட்டுன்னு அவ்வளவும் விழும், ஏறினவங்களுக்கு கழுத்து வலி வந்துச்சு, ரைடு ரொம்ப நாள் நிக்கல. 1976ல கலிபோர்னியா மேஜிக் மவுண்டன்ல வந்த ரெவல்யூஷன் கோஸ்டர்ல தான், ஆன்டன் ஷ்வார்ஸ்காஃப், வெர்னர் ஸ்டெங்கல்னு ரெண்டு ஜெர்மன் எஞ்சினியர்கள் ஆரத்த படிப்படியா மாத்துற வளைவக் கொண்டு வந்து லூப்ப உடம்பு தாங்கற மாதிரி ஆக்கினாங்க. வேகம் அதிகமா இருக்கற அடிப்பகுதில ஆரம் பெருசு, வேகம் குறைஞ்சு போற உச்சில ஆரம் சிறுசு. பார்க்ல எடுத்த போட்டோ மேல காம்பஸால வட்டம் போட்டுப் பாத்தா மேல ஒரு வட்டம் பொருந்தும், கீழ வேற பெரிய வட்டம் பொருந்தும்.

ஜெயண்ட் வீல் பிசிக்ஸுக்கு கொஞ்சம் சாது, கணக்குக்கு தங்கம். 15 மீட்டர் ஆரம்னா, அடில இருந்து முதல் 30 டிகிரி சுத்தறதுக்குள்ள 2 மீட்டர் தான் ஏறும், அடுத்த 30ல அஞ்சரை, அதுக்கடுத்த 30ல ஏழரை. சம நேரத்துல சமமா ஏறாது. இத நேரத்துக்கு எதிரா வரைஞ்சா சைன் வளைவு தானா வந்து நிக்கும். 1893ல சிகாகோ கண்காட்சில ஃபெர்ரிஸ் கட்டின முதல் பெரிய வீல் 76 மீட்டர் விட்டம், 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். நிக்காம ஒரு சுத்து வர 9 நிமிஷம். விளிம்போட வேகம் எவ்வளவுன்னு போட்டுப் பாக்கச் சொல்லுங்க, செகண்டுக்கு அரை மீட்டர் கூட வராது, நாம நடக்கற வேகத்துல பாதி கூட இல்ல.

குதிரை ராட்டினத்துல உள்குதிரை வெளிக்குதிரை வேகம், டேஷிங் கார்ல நியூட்டனோட மூணாவது விதி, இதெல்லாம் சின்ன கிளாஸுக்கு நல்லா இருக்கும். ஆனா யாரும் பயன்படுத்தாத ஒண்ணு கியூ. எப்படியும் அங்க நிக்கத் தான் போறோம். ஒரு தடவைக்கு 24 பேர், ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு ரயில்னா மணிக்கு 960 பேர். நமக்கு முன்னாடி 320 பேர்னா 20 நிமிஷம். முன்னாடி இருக்கறவங்கள எப்படி எண்றது? ஒரு மடிப்புல எத்தனை பேர்னு எண்ணி மடிப்புகளோட எண்ணிக்கையால பெருக்கணும். ஒவ்வொருத்தரும் ஊகத்த எழுதி வச்சுக்கிட்டு வாட்ச்ச பாத்தா அந்த 20 நிமிஷமும் போறதே தெரியாது.

இதுல ஒரு விஷயத்த நான் அழுத்தியே சொல்லுவேன். ரைடுல ஏற பயப்படற பசங்க, தலை சுத்தற பசங்க, உடம்பு ஒத்துக்காத பசங்க எல்லா கிளாஸ்லயும் இருப்பாங்க, அவங்கள பை பாத்துக்கன்னு பெஞ்சுல உக்கார வைக்கறது அநியாயம். மேல சொன்னதுல பெரும்பாலான அளவ கீழ நிக்கறவங்க தான் எடுக்க முடியும், மேல இருக்கறவங்களுக்கு கத்தறதுக்கே நேரம் போதாது. அளக்கறவங்க ஒரு குழு, ஏறி உணர்றவங்க ஒரு குழு, ரெண்டு பேரும் சேந்தா தான் விடை முழுசாகும்னு பிரிச்சுட்டா யாரும் விடுபட மாட்டாங்க. போன் மேல போகணும்னா ரைடு ஆபரேட்டர் கிட்ட கேட்டுட்டு, ஜிப் போட்ட பைக்குள்ள வச்சு உடம்போட கட்டித் தான் போகணும், கைல பிடிச்சுட்டு போகவே கூடாது, அங்கருந்து விழுற போன் கீழ நிக்கறவங்க தலைக்கு கல்லு.

இன்னொண்ணு, 20 ரைடுக்கு 40 கோடிட்ட இடத்தோட ஒர்க்‌ஷீட் குடுக்கறது. முதல் மணி நேரத்துலயே ஒருத்தன் எழுத மத்தவங்க காப்பி அடிக்க ஆரம்பிச்சுடுவாங்க. ரெண்டு மூணு ரைடு போதும், ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்வி, ஊகத்த முதல் நாளே பேப்பர்ல எழுதி வாங்கிடணும். ஊகம் எழுதினவன் தான் விடைய தேடுவான். மத்த ரைடுல பாடமே வேண்டாம், சந்தோஷமா போயிட்டு வரட்டும்.

மறுநாள் கிளாஸ்ல தான் பாதி பாடம் நடக்குது. ஒரு தடவை கோஸ்டர் வேகத்துக்கு மூணு குழு மூணு விடை கொண்டு வந்தாங்க. அதுல ஒரு குழுவுக்கு 12 மீட்டர் ரயில் 0.46 செகண்ட்ல கடந்துச்சு, செகண்டுக்கு 26 மீட்டர். போர்டுல ஏற்கனவே 24.2ன்னு உரசல் இல்லாத கணக்கு இருக்கு. அத விட வேகமா எப்படி போச்சு, உச்சில யாராவது தள்ளி விட்டாங்களான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. ஸ்டாப்வாட்ச அமுக்கறதுக்கே கைக்கு 0.1, 0.2 செகண்ட் ஆகும்னு ஒரு பையன் சொன்னான், அரை செகண்ட அளக்கறதுல அது எவ்வளவு பெரிய தப்புன்னு அவனே கணக்குப் போட்டான். அப்புறம் ஒரு பொண்ணு தன்னோட ஸ்லோமோஷன் வீடியோவ எடுத்தா, செகண்டுக்கு 240 பிரேம். மூக்கு தூண தொட்டதுல இருந்து ஒவ்வொரு பிரேமா தள்ளி மொத்த கிளாஸும் சத்தமா எண்ணுச்சு. 132. அதாவது 0.55 செகண்ட், வேகம் 21.8. ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல போறதால கிட்டத்தட்ட 19 சதவீதம் காணாமப் போயிருக்கு. எங்க போச்சுன்னு கேட்டா காத்துக்கு, சக்கரத்துக்கு, தண்டவாளத்துக்குன்னு ஆளாளுக்கு சொன்னாங்க. அந்த தடதட சத்தமும் அதுல இருந்து தான வருதுன்னு பின்பெஞ்சுல இருந்து ஒருத்தன் கேட்டான். ஆமாடா, ஆனா ரொம்ப ரொம்பக் கொஞ்சம்னேன். எவ்வளவு கொஞ்சம், அத எப்படி அளக்கறதுன்னு கேட்டான், போன்லயே மைக் இருக்கே சார்னு பக்கத்துல இருந்தவன் சொன்னான், ரெண்டு பேரும் அடுத்த பீரியட் டீச்சர் வாசல்ல வந்து நின்னதக் கூட கவனிக்காம நோட்ல ஏதோ கிறுக்க ஆரம்பிச்சுட்டாங்க.